வெள்ளை வீடுகளின் தீபகற்பம்



சின்ன ஆசியா என்று பழைய பூகோள நூல்கள் குறிப்பிடும் துருக்கி நாட்டின் தென்மேற்கு மூலையில், ஈஜியன் கடலுக்குள் ஒரு சிறு நிலப்பகுதி விரல் நீட்டினாற்போல் நீண்டு கிடக்கிறது. வடக்கே மாண்டலியா வளைகுடா. தெற்கே கோக்கோவா வளைகுடா. மேற்கே சில கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸ் பிறந்த கோஸ் தீவு. தஞ்சையிலிருந்து கும்பகோணம் போகும் தூரந்தான் இந்த நிலத்தின் நீளம். இதன் தலைமை ஊரின் பெயரால் இதனைப் போட்ரும் தீபகற்பம் என்று வழங்குகிறார்கள். கோடை விடுமுறையைக் கழிக்க ஐரோப்பியரும் துருக்கியரும் இலட்சக்கணக்கில் இங்கே வருகிறார்கள். விளம்பரப் படங்களில் நீலக் கடலும், அதன் மேல் படிப்படியாக ஏறும் வெள்ளை வீடுகளும் காணப்படும். அந்த வெள்ளை வீடுகளைப் பற்றியே இன்று நான் பேச விரும்புகிறேன். அவை யாரால், எதற்காக, எவ்வாறு கட்டப்பட்டன, இன்று அவற்றைப் போலத் தோன்றும் வேறு வீடுகள் எப்படி வந்தன என்பதே செய்தி. நான் அங்கே சென்றவன் அல்லன். நூல்களின் வழியாகவும் படங்களின் வழியாகவுமே அவ்வூரை அறிந்தவன். ஆயினும் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட ஒருவனுக்கு அவ்வூரில் ஈடுபாடு உண்டாவதற்குத் தனிக் காரணங்கள் இருக்கின்றன. அவையும் இடையிடையே வரும்.

முதலில் பழங்கதை. கிரேக்கர் காலத்தில் இவ்வூருக்கு ஹாலிகார்னாசஸ் என்று பெயர். சரித்திரத்தின் தந்தை என்று போற்றப்படும் ஹெரோடோட்டஸ் கி.மு. 484-ஐ ஒட்டி இங்கே பிறந்தவர். அவருடைய இளமைக்குச் சற்று முன்னர் இவ்வூரை ஆண்டவள் ஆர்ட்டிமீசியா என்னும் அரசி. கி.மு. 480-ல் சலாமிஸ் கடற்போரில் பாரசீக மன்னன் பக்கம் நின்று, ஐந்து கப்பல்களைத் தானே நடத்திச் சென்றவள் அவள். கிரேக்கர்களுக்கு எதிராகப் போரிட்ட அந்தப் பெண்ணை, கிரேக்க மொழியில் எழுதிய ஹெரோடோட்டஸ் மனமாரப் புகழ்ந்திருக்கிறார். சொந்த ஊர்ப் பற்று யாரை விட்டது!

அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் மாசோலஸ் என்பவன் பாரசீகப் பேரரசின் ஆளுநனாகக் காரியா நாட்டை ஆண்டான். மலையுச்சிகளில் சிதறி வாழ்ந்த லெலெகர் என்னும் பழங்குடியினரின் ஊர்கள் பலவற்றை ஒன்றுசேர்த்து, அம்மக்களைக் கீழே இறக்கி, ஹாலிகார்னாசஸைத் தலைநகராக்கினான். கி.மு. 353-ல் அவன் இறந்தபின், அவனுக்குத் தங்கையும் மனைவியுமாகிய மற்றோர் ஆர்ட்டிமீசியா அவனுக்கு ஒரு கல்லறை எழுப்பினாள். பைத்தியோஸ், சாட்டிரோஸ் என்னும் இரு சிற்பநூல் வல்லுநர் அதனைத் திட்டமிட்டனர். நான்கு பெருஞ்சிற்பிகள் பக்கத்துக்கு ஒருவராகச் செதுக்கினர். முப்பத்தாறு தூண்கள், அவற்றின் மேல் இருபத்துநான்கு படிகள் கொண்ட கூர்ங்கோபுரம், உச்சியில் நான்கு குதிரை பூட்டிய பளிங்குத் தேர். மொத்த உயரம் 140 அடி என்று ரோமானிய ஆசிரியர் பிளினி குறித்து வைத்திருக்கிறார். இரண்டே ஆண்டில் அரசியும் மறைந்தாள். வேலையை நிறுத்தினால் தங்கள் பெயருக்கே இழுக்கு என்று சிற்பிகள் தாமாகவே முடித்துக் கொடுத்தார்களாம். பழைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றாக அது எண்ணப்பட்டது. அந்த அரசனின் பெயரே ஐரோப்பிய மொழிகளில் பெருங்கல்லறைக்கு உரிய பொதுச்சொல்லாயிற்று. தாஜ்மகாலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர் மாசோலியம் என்று எழுதும்போது, தாம் அறியாமலே இந்த மாசோலஸின் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

இந்த அரசனுடைய அரண்மனையைப் பற்றி, ரோமானியக் கட்டடக்கலை ஆசிரியர் விட்ருவியஸ் சொல்லும் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. பளிங்கால் அழகூட்டியிருந்தாலும் அதன் சுவர்கள் வெறும் செங்கல்லால் ஆனவை என்றும், மேலே பூசிய சுதை கண்ணாடியைப் போல் மின்னிற்று என்றும் அவர் கூறுகிறார். வேண்டிய செல்வம் இருந்தும் மன்னன் செங்கல்லை இழிவாகக் கருதவில்லை என்பதே அவர் எடுத்துக்காட்ட விரும்பியது. கிடைக்கும் பொருளைக் கொண்டு கட்டி, மேலே வெண்மை தீற்றுவது இத்தீபகற்பத்தில் அவ்வளவு பழமையான வழக்கம்.

கல்லறை ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் நின்றது. பின்னர் நிலநடுக்கங்களால் சரிந்தது. அடுத்து நேர்ந்ததில் நம் நாட்டுச் சரித்திரமும் ஒரு நூலிழையாகச் சேர்ந்திருக்கிறது. 1398-ல் தில்லியைச் சூறையாடிய தைமூர், நான்கே ஆண்டுகளில் ஈஜியன் கரையை அடைந்து, 1402 டிசம்பரில் ஸ்மிர்னா நகரைக் கைப்பற்றினான். அந்நகரின் கோட்டையை இழந்த புனித ஜான் சங்கத்து வீரத்துறவிகள், ரோட்ஸ் தீவிலிருந்து வந்து, போட்ரும் துறைமுகத்தின் வாயிலில் புதிய கோட்டை ஒன்றைக் கட்டத் தொடங்கினர். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், ஜெர்மானியர் என்று நாட்டுக்கொரு கொத்தளம் எழுந்தது. வேண்டிய கல் அருகிலேயே சரிந்து கிடந்தது. உலக அதிசயம் கோட்டைச் சுவராயிற்று. இன்றும் அக்கோட்டையின் சுவரில் பச்சை நிறம் படர்ந்த பெருங்கற்களைக் காணலாம். அவை மாசோலஸின் கல்லறைக் கற்கள்.

கல் போதாதா என்றால், சுண்ணாம்பும் வேண்டியிருந்தது. பளிங்கு என்பது சுண்ணாம்புக் கல்லின் உயர்ந்த வகை அன்றோ? காளவாயில் இட்டுச் சுட்டால் முதல்தரச் சுண்ணாம்பு கிடைக்கும். 1522-ல் துருக்கியர் ரோட்ஸ் தீவை நோக்கிப் படையெடுப்பதை அறிந்து, கோட்டையை அவசரமாக வலுப்படுத்த முனைந்த வீரர்கள், சுண்ணாம்புக்காகப் பளிங்குப் படிகளைத் தோண்டிக்கொண்டே போனார்களாம். அப்போது பூமிக்கடியில் சிற்பங்கள் நிறைந்த ஓர் அறையைக் கண்டார்களாம். சற்று நேரம் வியந்து நின்றுவிட்டு, அவற்றையும் உடைத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று அந்நூற்றாண்டிலேயே அச்சான ஒரு நூல் கூறுகிறது. உலகின் தலைசிறந்த சிற்பிகளுடைய உளிபட்ட கல், சாந்தாகக் குழைந்தது. அந்தச் சாந்தினால் கட்டிய சுவர் போரைக் காணவே இல்லை. ரோட்ஸ் வீழ்ந்ததும் 1523 தொடக்கத்தில் கோட்டையைத் துருக்கியரிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் கப்பல் ஏறினார்கள்.

புனித பீட்டர் பெயரால் அக்கோட்டைக்கு வழங்கிய பெட்ரோனியம் என்ற பெயரே திரிந்து போட்ரும் ஆயிற்று என்பர். துருக்கி மொழியில் அச்சொல்லுக்கு நிலவறை என்று பொருள். ஒலி ஒத்திருந்த காரணத்தால், ஒரு தூதரின் பெயர் ஒரு நிலவறையாக மாறிற்று. இத்தகைய விபத்துகளைக் காணும்போது மொழிபெயர்ப்பாளன் புன்னகை செய்யாமல் இருக்க முடியாது.

மிஞ்சிய சிற்பங்கள் 1846-லும், பின்னர் 1856, 1857-ஆம் ஆண்டுகளில் சார்லஸ் நியூட்டன் என்னும் ஆங்கிலேயர் அகழ்ந்தபோதும் இலண்டனுக்குச் சென்றன. பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன. கோட்டை பின்னர்ச் சிறைச்சாலையாயிற்று. 1915-ல் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் அதன்மீது குண்டு பொழிந்தது. அக்கப்பலின் பெயர் டூப்ளே! ஆம்; புதுச்சேரியை ஆண்ட அதே டூப்ளேயின் நினைவாக வைத்த பெயர்தான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்கள், அவர் துபாஷியாய் இருந்து பணிபுரிந்த துரையின் பெயர் எங்கெல்லாம் பயணம் செய்திருக்கிறது என்று வியக்கலாம்.

இனி நிலத்தையும் நீரையும் பார்ப்போம். அங்கே பருவம் நமக்கு நேர்மாறானது. மழை குளிர்காலத்தில் பெய்கிறது. கோடையில் மாதக்கணக்கில் ஒரு துளியும் இராது. வடமேற்கிலிருந்து வீசும் மெல்தெம் என்னும் காற்று ஒன்றே கோடையின் ஆறுதல். ஆண்டு முழுவதும் ஓடும் பெரிய ஆறு ஒன்றும் இத்தீபகற்பத்தில் இல்லை. பாறைக் குன்றுகளின் சரிவில் முட்புதர்களும் ஒலிவ மரங்களும் வளர்கின்றன. பைன் மரக்காடு சில இடங்களில் கடற்கரை வரை இறங்கி வருகிறது. பள்ளத்தாக்குகளில் கமலா ஆரஞ்சுத் தோட்டங்கள். மணம் மிகுந்த அந்தப் பழம் ஒரு காலத்தில் இவ்வூரின் செல்வமாக இருந்தது. கடலுக்கடியில் கடற்புல் மேடைகள் பரந்திருக்கின்றன. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவது அவற்றின் நடுவேதான்.

இத்தகைய நிலத்தில் எளிய மக்கள் கட்டிக்கொண்ட வீடு எப்படி இருந்தது? ஒரே அறை, நீண்ட சதுரம். இரண்டடி அளவுக்குத் தடித்த கற்சுவர். காற்றும் வெளிச்சமும் வேண்டிய அளவுக்கு மட்டும் வரச் சிறு சன்னல்கள். அறையின் ஒரு பாதியில் ஆள் உயரத்துக்கு மரப் பரண். மேலே குடும்பம் உறங்கும், கீழே தானியமும் தட்டுமுட்டுச் சாமான்களும் இருக்கும். கூரை தட்டையானது. மரக்கட்டைகளைக் குறுக்கே பரப்பி, அவற்றின் மேல் நாணலும் செத்தையும் இட்டு, அதன் மேல் நீர் இறங்காத ஒருவகைக் களிமண்ணைக் கனமாகக் கொட்டிவிடுவார்கள். மழை பெய்து ஓய்ந்ததும் வீட்டுக்காரர் கூரைமேல் ஏறி, அங்கேயே கிடக்கும் கல் உருளையை உருட்டி மண்ணை இறுக்குவார். வடநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்த நேயர்கள் இதைப் போன்ற மண் கூரைகளைப் பார்த்திருப்பார்கள். வெயில் அந்த மண்ணைத் தாண்டி உள்ளே வருவதற்குள் மாலை வந்துவிடும்.

வெளிச்சுவருக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிப்பார்கள். நம் வீடுகளில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதைப் போல அங்கே இளவேனிலில். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். சுண்ணாம்பு பூச்சி பொட்டுகளை அண்டவிடாது. அழகுக்காக அடித்தார்கள் என்று எண்ணுவது பிற்காலத்துப் பயணிகளின் கற்பனை. உள்நாட்டில், கடற்கொள்ளையருக்கு அஞ்சியவர்கள் உயரமான கோபுர வீடுகளைக் கட்டினார்கள். துறைமுகத்து வணிகர் கியோஸ் தீவின் பாணியில் சற்றே விசாலமான வீடுகளைக் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் வெள்ளை பொது.

வீட்டைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்வது அவர்களுடைய நீர்த்தொட்டி. மலைச்சரிவில் வழிந்தோடும் குளிர்கால மழைநீரைச் சேமிக்க, வட்டமாகக் கல் அடுக்கி, மேலே அரைக்கோள வடிவில் குவிமாடம் எழுப்பி, அதற்கும் வெள்ளையடித்து வைப்பார்கள். சிறு வாயில், உள்ளே இறங்கப் படிகள். வெயில் படாமையால் நீர் ஆவியாகாது. வழிப்போக்கருக்கும் ஆடுமாடுகளுக்கும் உதவும் தருமமாகச் செல்வர்கள் இவற்றைக் கட்டி வைத்தார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் நினைவுக்கு வருகிறதல்லவா? இராஜஸ்தானத்தில் சூரு, பீகானேர் பக்கங்களில் வாழும் தமிழர்கள், குண்ட் என்ற பெயரில் ஏறத்தாழ இதே வடிவத்தை அங்கே கண்டிருக்கக்கூடும்.

அந்த நீர்த்தொட்டிக்குத் துருக்கியர் இட்ட பெயர் கும்பெத். பாரசீகத்திலிருந்து வந்த சொல். இந்தியில் கும்பத் என்றும், பீஜப்பூரின் கோல் கும்பஸ் என்ற பெயரிலும் வழங்கும் அதே சொல். பீஜப்பூரில் ஒரு சுல்தானின் கல்லறைமேல் அமர்ந்திருக்கும் அச்சொல், கல்லறைக்கு உலகத்துக்கே பெயர் தந்த இந்த ஊரில், தண்ணீரின் மேல் அமர்ந்திருக்கிறது. போட்ருமுக்கு அடுத்த கடற்கரை ஊருக்கே கும்பெத் என்று பெயர்.

1923-ல் லோசான் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, துருக்கியில் இருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்களும் கிரீசில் இருந்த முஸ்லிம்களும் கட்டாயமாக இடம் மாற்றப்பட்டனர். போட்ருமிலிருந்து கிரேக்கர் வெளியேறினர். கிரீட் தீவிலிருந்து முஸ்லிம்கள் வந்து கிழக்குக் கரையில் குடியேறினர். தாய்நாட்டுக்குத் திரும்பினீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் அவர்களிற் பலருக்குத் துருக்கி மொழி தெரியாது. வீட்டில் பேசியது கிரீட் நாட்டுக் கிரேக்கம். பிறர் மொழி ஒலிக்கும் தெருவில் பாலுக்கும் காய்கறிக்கும் பேரம் பேசக் கற்றுக்கொண்ட என் நேயர்களுக்கு அவர்களுடைய முதல் சில ஆண்டுகளை விவரிக்க வேண்டியதில்லை. மீன்பிடித்தும், கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுத்தும் பிழைத்தார்கள். கடற்பஞ்சு எடுப்பது உயிரோடு விளையாடும் தொழில். ஆழத்திலிருந்து விரைந்து மேலேறிய பலர் முடமாயினர். 1986-ல் மத்தியதரைக் கடலில் பரவிய ஒரு நோய் கடற்பஞ்சுகளை அழித்ததும் அத்தொழில் ஒடுங்கியது.

இந்த ஏழை ஊருக்கு 1925-ல் ஒரு கைதி வந்து சேர்ந்தார். ஜெவாத் ஷாகிர் என்பது அவர் பெயர், ஆக்ஸ்போர்டில் படித்தவர், உயர்குடியினர். படையிலிருந்து ஓடியவர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியதற்காக மூன்றாண்டு தண்டனை பெற்று, நிலவறை என்று பொருள்படும் இந்த ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். வந்தவர் கடலைக் கண்டார், மயங்கினார். தண்டனையின் பிற்பகுதியை இஸ்தான்புலில் கழிக்க அனுமதி கிடைத்தது. தண்டனை முடிந்ததும் தாமாகவே போட்ருமுக்குத் திரும்பி வந்துவிட்டார்! 1947 வரை அங்கே வாழ்ந்தார். மீன் பிடித்தார், தோட்டக்காரராக உழைத்தார், பிற நாடுகளிலிருந்து விதைகளை வருவித்து மரங்கள் நட்டார். ஹாலிகார்னாசஸ் மீனவன் என்ற புனைபெயரில் கடற்பஞ்சுத் தொழிலாளரின் கதைகளை எழுதினார். மக்களைப் படிக்க வைக்கும் வசதி அவ்வூரில் இல்லாமையால் இஸ்மீர் நகருக்குப் பெயர்ந்தார். 1973-ல் அங்கே காலமானார். உடல் போட்ருமுக்கே கொண்டுவரப்பட்டது.

அவர் தம் எழுத்தாள நண்பர்களைக் கடற்பஞ்சுப் படகில் ஏற்றிக்கொண்டு கோக்கோவா வளைகுடாவில் நாட்கணக்கில் சுற்றினார். 1940-களின் நடுவில் தொடங்கிய இப்பயணங்களுக்கு நீலப் பயணம் என்று பெயர் நிலைத்தது. கப்பலில் உடன் சென்றவர்களில் சபாஹத்தின் எயுபோக்லுவும் ஆஸ்ரா எர்ஹாத் அம்மையாரும் துருக்கி அரசு 1940-ல் நிறுவிய மொழிபெயர்ப்பு அலுவலகத்தோடு தொடர்புடையவர்கள். அம்மையார் பின்னர் மற்றொரு கவிஞருடன் சேர்ந்து ஹோமரின் இலியட்டைத் துருக்கி மொழியில் பெயர்த்தவர். பாலாடைக்கட்டியும் ரொட்டியும் மீனுமே உணவு, மேல்தளத்தில் படுக்கை, பழைய காவியங்களைப் பற்றிய பேச்சு. கோப்புகளுக்கிடையில் வாழும் என் போன்ற அரசாங்க மொழிபெயர்ப்பாளனுக்கு இதைப் படிக்கும்போது சற்றே பொறாமை உண்டாவதை மறைப்பானேன்? இன்று நீலப் பயணம் என்பது குளிரூட்டிய அறைகள் கொண்ட உல்லாசப் படகுகளின் விலைப்பட்டியலில் காணும் சொல்.

கடற்பஞ்சுத் தொழிலாளர் மற்றொரு பெருந்தொண்டும் செய்தார்கள். கடலடியில் தாங்கள் கண்ட பழைய கப்பல்களைப் பற்றி ஆராய்ச்சியாளருக்குச் சொன்னவர்கள் அவர்களே. 1982-ல் ஒரு தொழிலாளி, காது முளைத்த ரொட்டி போன்ற உலோகக் கட்டிகளைக் கண்டதாகச் சொன்னார். அதிலிருந்து, முப்பத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் மூழ்கிய ஒரு கப்பலும், அதிலிருந்த பத்து டன் செம்பும், ஏறத்தாழ ஒரு டன் வெள்ளீயமும் வெளிவந்தன. இவையெல்லாம் இப்போது போட்ரும் கோட்டையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அதிசயத்தை இடித்துக் கட்டிய கோட்டை, கடலடிப் பொருட்காட்சிசாலையாகி இருக்கிறது.

இனி விடுமுறை வீடுகள். 1950-களில் போட்ரும் சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். மீனவனின் கதைகளைப் படித்துவிட்டு முதலில் வந்தவர்கள் எழுத்தாளரும் ஓவியரும் மாணவரும். உள்ளூர்ப் பெண்கள் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, காலை உணவும் அளித்தார்கள். வந்தவருக்கு அந்த அறையின் குளிர்ச்சி வியப்பாக இருந்தது. அதன் பின் வந்தவர்களுக்கு அறை போதவில்லை. சொந்தமாக ஒரு வீடு வேண்டியிருந்தது. 1982-ல் சுற்றுலாவை ஊக்குவிக்க அரசு தனிச்சட்டம் இயற்றியது. 1997-ல் விமான நிலையம் வந்தது. அங்காராவிலும் இஸ்தான்புலிலும் வாழ்ந்த உத்தியோகஸ்தர்களும் வங்கிப் பணியாளரும் கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் அமைத்து, குன்றுச் சரிவுகளை வாங்கி, நூறும் இருநூறுமாக ஒரே அச்சில் வார்த்த வீடுகளைக் கட்டினார்கள். மாதச் சம்பளக்காரன் ஆயுளில் ஒரு முறை கடலைப் பார்த்தாற்போல் ஒரு சன்னல் வேண்டும் என்று விரும்புவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊரின் அழகு கெடக்கூடாதென்று நகரசபை விதி வகுத்தது. வீடு இரண்டு மாடிக்குமேல் உயரக் கூடாது. வெள்ளை அடிக்க வேண்டும். துருக்கியின் பிற கடற்கரைகளில் பத்து மாடிக் கட்டடங்கள் எழுந்தபோது போட்ரும் அவ்வாறு ஆகாமைக்கு இந்த விதியே காரணம். அதற்காக அதனைப் பாராட்ட வேண்டும். ஆனால் விதி எதைக் காத்தது என்று பார்த்தால், பழைய வீட்டின் நிறத்தையும் உயரத்தையும் மட்டுமே. மண் கூரையின் இடத்தில் கான்கிரீட் தளம். இரண்டடிக் கற்சுவரின் இடத்தில் கான்கிரீட் சட்டமும் துளைச் செங்கல்லும். சிறு சன்னல் போய்க் கடலை முழுவதும் காட்டும் கண்ணாடிச் சுவர் வந்தது. கோடையில் அறை கொதிக்கிறது; குளிர்பதனப் பெட்டி இரவும் பகலும் முழங்குகிறது. கூரையில் விழும் மழைநீர் தொட்டிக்குப் போவதில்லை, சாக்கடைக்குப் போகிறது. சுண்ணாம்பின் இடத்தில் டப்பாவில் வரும் வெள்ளைச் சாயம். உயரம் கட்டுப்பட்டதால் வீடுகள் அகலத்தில் பரவின. ஒரு குன்று நிறைந்ததும் அடுத்த குன்று. தொலைவிலிருந்து பார்த்தால் சர்க்கரைக் கட்டிகளைக் கொட்டியது போல் தெரிகிறதென்று சிலர் எழுதியிருக்கிறார்கள். உப்பளத்தில் குவித்த உப்பு என்று நாம் சொல்லலாம்.

மொழிபெயர்ப்பில் இதற்கு ஒப்பான ஒரு குற்றம் உண்டு. மூலத்தின் சொற்களையெல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து வைத்து, பொருளை வழியில் விட்டுவிட்டு வருவது. பார்வைக்கு மூலத்தைப் போலவே இருக்கும். படித்தால் குளிர்ச்சி இராது.

வேறு விதமாகவும் கட்ட முடியும் என்பதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. துர்குத் ஜான்செவர் என்னும் துருக்கியக் கட்டடக் கலைஞர், 1970-களில், இசைத்தட்டுத் தொழிலில் புகழ்பெற்ற அஹ்மத் எர்தெகுன் என்பவருக்காகப் போட்ரும் கரையில் ஒரு பழைய வீட்டைச் செப்பனிட்டுப் புதிய பகுதியையும் இணைத்துக் கொடுத்தார். எது பழையது, எது புதியது என்பதை மறைக்காமலே இரண்டையும் இசைவித்தார். அதற்கு 1980-ல் கட்டடக்கலைக்கான ஆகாகான் பரிசு கிடைத்தது. பின்னர் அவரும், அவர் குடும்பத்தைச் சேர்ந்த இளைய கலைஞர்களும் மாண்டலியா வளைகுடாக் கரையில் தெமீர் விடுமுறைக் கிராமம் என்ற குடியிருப்பை அமைத்தனர். சுவர்கள் உள்ளூர்க் கல்லால் ஆனவை, வெள்ளைகூட அடிக்கவில்லை. மரங்களை வெட்டாமல், சரிவைச் சிதைக்காமல், ஒரு வீடு மற்றொன்றின் பார்வையை மறைக்காமல் இடம்விட்டுக் கட்டினார்கள். மறந்துபோன கொத்து வேலையைக் கொத்தர்கள் அங்கே மீண்டும் பழகினார்கள் என்பது அதன் தனிச்சிறப்பு. அதற்கும் 1992-ல் அதே பரிசு வந்தது. ஆயினும் அது செல்வருக்கான குடியிருப்பு. கூட்டுறவுச் சங்கத்து உத்தியோகஸ்தரின் கைக்கு எட்டும் விலையில் கல்வீடு கட்டுவது எப்படி என்ற வினாவுக்கு அங்கும் விடை இல்லை. ஜான்செவரின் வேலையைப் புகழ்வோர் இதைச் சொல்லாமல் விடுவது சரியன்று.

இப்போது போட்ரும் வட்டாரத்தின் நிலையான மக்கட்தொகை இரண்டு இலட்சத்தை ஒட்டியது. கோடையில் அது பல மடங்காகிறது. தண்ணீர் அதற்கு ஈடு கொடுப்பதில்லை. அண்மை ஆண்டுகளில் ஊருக்கு நீர் தரும் மும்ஜுலார் அணையின் தேக்கம் வற்றி, அடிச்சேறு வெடித்துக் கிடந்தது. தண்ணீர் வண்டிகள் தெருத் தெருவாகச் சென்றன. 2021-ஆம் ஆண்டுக் கோடையில் பக்கத்து மலைகளிலிருந்து காட்டுத்தீ கடற்கரை வரை இறங்கி வந்தது; விடுதிகளில் இருந்தவர்களைப் படகுகளில் ஏற்றி அகற்ற வேண்டியதாயிற்று. கமலா ஆரஞ்சுத் தோட்டங்கள் பல மனைகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றைக் காக்க உள்ளூரார் சிலர் முயன்று வருகிறார்கள். பழத்தைவிட மனைக்கு விலை அதிகமாக இருக்கும்போது அது எளிய காரியமன்று.

பழைய கும்பெத்துகள் இன்னும் சாலையோரங்களில் நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் நீர் எடுப்பார் இல்லை. சிலவற்றுக்கு மட்டும் இன்றும் வெள்ளையடிக்கிறார்கள். நவம்பரில் மழை தொடங்கும்போது அவற்றில் நீர் சேர்கிறது. கமலா ஆரஞ்சும் அந்த மாதத்தில்தான் பழுக்கத் தொடங்குகிறது. அப்போது குன்றுகளின் மேலுள்ள வீடுகளிற் பெரும்பாலானவை பூட்டியிருக்கும்.